தோற்றால் அடுத்த வாரமும் விளையாட வேண்டும்

பசறையிலிருந்து பதுளைக்கு வரும் காலை பஸ்ஸில் பின் சீட்டுப் பக்கம் நின்று வந்திருக்கிறீர்களா? திங்கட்கிழமை என்றால் அங்கே ஒரே பேச்சுதான். ஆர்சனல் தோற்றிருந்தால் "இந்த ஆர்டெட்டாவ இன்னும் எதுக்குடா வெச்சிருக்கானுங்க" என்று ஒருத்தன் தொடங்குவான். ஜெயித்திருந்தால் அதே ஆள் "நான் அப்பவே சொன்னேன்ல" என்பான். லண்டனில் இருக்கிற ஒரு கழகத்தை யார் நடத்த வேண்டும் என்று பஸ் டவுனுக்குள் நுழைவதற்குள் முடிவெடுத்துவிடுவோம். எங்கள் தோட்டத்து டீமை யார் நடத்துவது என்று மட்டும் யாரும் பேசுவதில்லை.

பொங்கல் கிண்ணம் முடிந்த பிறகு பேசினார்கள். கழகத்துக்குப் புதுச் செயலாளர் வந்து மூன்று மாதம்தான். ஏ.எல். எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கிற பையன். கெப்டனுக்கு வயது 19. முதல் போட்டியிலேயே நான்கு கோல் வாங்கி, காலை பத்து மணிக்கெல்லாம் லொறியில் ஏறித் திரும்பிவிட்டோம். அடுத்த ஞாயிறு கூட்டத்தில் ஒரு மாமா எழுந்து, "அனுபவம் இல்லாத பயலுங்க கையில குடுத்தா இப்பிடித்தான் ஆகும், நான் அன்னிக்கே வேணாம்னேன்" என்றார். பாதிப் பேர் தலையாட்டினார்கள். செயலாளர் ஒன்றும் சொல்லவில்லை, கணக்குக் கொப்பியை மூடிக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாமாவுக்கு எதிராக இல்லை. அவர் சொன்னதில் பாதி சரி.

ஆர்டெட்டாவிலிருந்தே தொடங்குவோம், எல்லாருக்கும் தெரிந்த கதை. 2019 டிசம்பரில் ஆர்சனல் அவரை எடுத்தபோது அவருக்கு 37 வயது. அதற்கு முன் ஒரு அணிக்கும் தலைமைப் பயிற்றுவிப்பாளராக இருந்தது கிடையாது. மன்செஸ்டர் சிட்டியில் கார்டியோலாவுக்கு உதவியாளராக மூன்றரை வருடம் இருந்தார், அதையும் சொல்லத்தான் வேண்டும். வந்த பருவகாலத்தில் எஃப்.ஏ. கிண்ணம் கிடைத்தது, ஆனால் லீக்கில் எட்டாவது இடம். அடுத்த பருவகாலமும் எட்டாவது. 2020 கிறிஸ்மஸ் அன்று அணி 15ஆவது இடத்தில் நின்றது, லீக்கில் ஏழு போட்டியாக ஒரு வெற்றி இல்லை. மறுநாள் செல்சியுடன் போட்டி. 19 வயது சாக்கா, 20 வயது ஸ்மித் ரோ, மார்டினெல்லி என்று சின்னப் பையன்களை இறக்கினார். 3-1 வெற்றி, ஒரு கோல் சாக்காவுடையது. சரி, இனி ஏறுமுகம் என்று பார்த்தால் 2021 ஆகஸ்டில் முதல் மூன்று போட்டியிலும் தோல்வி. மூன்றாவது சிட்டியிடம் 5-0. ஒரு கோல்கூட அடிக்காமல் பட்டியலின் கடைசியில் கிடந்தார்கள். அந்தப் பருவகாலம் முடியும்போது ஐந்தாவது இடம், அதற்கடுத்த பருவகாலம் இரண்டாவது.

இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் "பொறுமை" என்ற வார்த்தையில் போய் முடிப்பார்கள். எனக்கு அந்த வார்த்தையில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பொறுமை என்பது சும்மா காத்திருப்பதாகவும் இருக்கலாம். நான் பார்ப்பது வேறு கணக்கு. மூன்று போட்டி தோற்று அடியில் கிடந்தபோது ஆர்டெட்டாவுக்கு இன்னும் 35 போட்டி மிச்சம் இருந்தது. போன வாரம் என்ன பிழை செய்தோம் என்பதை அடுத்த வாரமே சரிசெய்து பார்க்க ஒரு மைதானமும் எதிரணியும் நடுவரும் தயாராக இருந்தார்கள். அனுபவம் இல்லாதவனுக்கு அனுபவம் வருகிற ஒரே வழி அதுதானே. எங்கள் செயலாளருக்கு அடுத்த போட்டி எப்போது? தீபாவளிக்கு.

புதியவரை நம்பினால் எல்லாம் நடந்துவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. தொடர்ந்து ஒன்பது முறை இத்தாலிச் சம்பியனான ஜுவென்டஸை 2020இல் ஆண்ட்ரியா பிர்லோ கையில் கொடுத்தார்கள். மிகப் பெரிய ஆட்டக்காரர், பயிற்றுவிப்பாளராக ஒரு போட்டிகூடப் பார்க்காதவர். அந்த வருடம் நான்காவது இடம், பருவகாலம் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாமா சொன்ன பாதி இதுதான்.

இங்கிலாந்தும் இத்தாலியும் நமக்கு ரொம்பத் தூரம், காசும் ரொம்ப அதிகம். கொஞ்சம் பக்கத்தில் வருவோம். தமிழ்நாட்டில் சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஒரு கழகம் இருந்தது. 2016 கடைசியில் அதற்கு ஐ-லீக்கில் நேரடியாக இடம் கிடைத்தது. தேசிய மட்டத்தில் தொழில்முறை அணி நடத்திப் பழக்கமில்லாத நிர்வாகம். பத்து அணி ஆடிய லீக்கில் முதல் வருடம் எட்டாவது. 2017-18இல் மறுபடியும் எட்டாவது, கீழே இரண்டே அணி. இரண்டு வருடத்திலும் சேர்த்து 36 போட்டி ஆடியிருக்கிறார்கள், பெரும்பாலும் அடிவாங்கிக்கொண்டு.

மூன்றாவது வருடம் அக்பர் நவாஸ் என்ற சிங்கப்பூர்காரர் பயிற்றுவிப்பாளர். இந்திய லீக்குக்குப் புதியவர். பெரிய பெயர்களைத் தேடிப் போகாமல் ஸ்பெயினின் கீழ்ப்பிரிவுகளில் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூட்டி வந்தார்கள்: பெட்ரோ மான்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சாண்ட்ரோ ரொட்ரிகஸ், ரொபர்டோ எஸ்லாவா. கூடவே எட்வின் சிட்னி வான்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், அஜித் குமார், பாண்டியன் ஸ்ரீனிவாசன் என்று தமிழ்நாட்டுப் பையன்கள். மைதானம் கோயம்புத்தூர். இந்தியா முழுக்க ஐ.எஸ்.எல். என்று கத்திக்கொண்டிருந்த காலம், இவர்களை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மான்சி 21 கோல் அடித்தார். 20 போட்டியில் 13 வெற்றி.

கடைசி நாள், 2019 மார்ச் 9. மினர்வா பஞ்சாபை ஜெயித்தால் சம்பியன். ஆட்டம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் ஆடிக்கொண்டிருக்கிறது, இவர்கள் சறுக்கினால் கிண்ணம் கொல்கத்தாவுக்கு. இரண்டாவது பாதியில் மான்சி பெனால்டியில் ஒன்று, பிறகு கௌரவ் போரா இரண்டு. 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது, ஆனால் 43க்கு 42, ஒரே ஒரு புள்ளி. தேசிய லீக்கை வென்ற முதல் தமிழ்நாட்டு அணி.

இந்தக் கதையை இங்கேயே நிறுத்திவிட்டால் அழகாக இருக்கும். ஆனால் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். எட்வின் சென்னையின் எஃப்.சி.க்குப் போனார். 2020 ஜனவரியில் மான்சி ஜப்பானுக்குப் போனார், அதே வருடம் ரொமாரியோ கோவாவுக்கு. ஆசியச் சம்பியன்ஸ் லீக்கின் தகுதிகாண் போட்டியில் பஹ்ரைனின் ரிஃபா கழகத்தை எதிர்த்து ஆடியபோது, சொந்த மைதானப் போட்டி என்ற பெயரில் அஹமதாபாத்தில் ஆடினார்கள். கோயம்புத்தூர் ரசிகன் எப்படிப் போவான்? 0-1 தோல்வி. 2020-21தான் அந்தக் கழகம் ஐ-லீக்கில் ஆடிய கடைசிப் பருவகாலம். கிண்ணம் தூக்கி இரண்டே வருடம். இன்றைக்கு நம் பஸ்ஸில் யாரிடமாவது சென்னை சிட்டி என்று சொல்லிப் பாருங்கள், சென்னையின் எஃப்.சி. என்று நினைத்துத் தலையாட்டுவார்கள்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என் வாசிப்பு இது: அந்த 11 பேர் போனால் அடுத்த 11 பேர் வருகிற வழி கழகத்தோடு ஒட்டி வளரவில்லை. சென்னையில் பழைய லீக் இருக்கிறது, வியாசர்பாடியிலிருந்து தனபால் கணேஷும் நந்தகுமாரும் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பெயரில் சென்னை, மைதானம் கோயம்புத்தூர், பெரிய போட்டி அஹமதாபாத் என்று அலைகிற கழகத்துக்கு அந்தத் தெருவுப் பையன்களோடு என்ன தொடர்பு இருக்க முடியும்?

இதற்குப் பக்கத்தில் ஐசோலை வைத்துப் பாருங்கள். மிசோரமின் தலைநகரம், நம்மைப் போல மலை. எங்கள் கிரவுண்டில் பந்தை ஓங்கி அடித்தால் அது மூணாம் நம்பர் மலைக்குள் உருண்டு போய்விடும், எடுக்கப் போன தம்பி கால் மணி நேரம் கழித்து வருவான். அங்கேயும் சமதரை கிடைப்பது அவ்வளவு கஷ்டம். ஐசோல் எஃப்.சி. 2015-16இல் ஐ-லீக்கிலிருந்து தரமிறக்கப்பட்டது. கோவா கழகங்கள் லீக்கை விட்டு விலகியதால் தப்பிப் பிழைத்துத் திரும்ப வந்தது. மும்பை எஃப்.சி. வேண்டாம் என்று விட்ட காலித் ஜமீலைப் பயிற்றுவிப்பாளராக எடுத்தார்கள். 2017 ஏப்ரல் 30, ஷில்லோங்கில் 1-1 சமநிலை, ஐசோல் சம்பியன். (அதே காலித் ஜமீல்தான் 2025 ஆகஸ்டில் இந்தியத் தேசிய அணிக்கே பயிற்றுவிப்பாளராக நியமிக்கப்பட்டார்.) அவர்களும் அதற்குப் பிறகு சம்பியன் ஆகவில்லை, நல்ல ஆட்டக்காரர்களைப் பெரிய கழகங்கள் தூக்கிக்கொண்டு போயின. ஆனால் கழகம் அழியவில்லை. காரணம், 2012இலிருந்து அங்கே மிசோரம் பிரீமியர் லீக் என்று ஒன்று நடக்கிறது. ஸோநெட் என்ற உள்ளூர் கேபிள் டீவி நிறுவனம் காசு போட்டு, போட்டிகளை வீட்டு டீவியில் காட்டியது. ஒரு பேட்டையும் இன்னொரு பேட்டையும் மோதுகிற லீக். அந்த லீக் தொடங்கி இரண்டே வருடத்தில் மிசோரம் சந்தோஷ் கிண்ணத்தையும் வென்றது. மேலே ஒருத்தன் போனால் கீழே ஒருத்தன் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருக்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1995இல் கொழும்பில் இந்தியாவை ஜெயித்துத் தெற்காசியக் கிண்ணம் தூக்கிய அணி இலங்கை அணி. இன்று அதைச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். 2021இல் முதல் தொழில்முறை லீக் என்று சுப்பர் லீக் தொடங்கியது, பத்துக் கழகங்கள். அதில் மூன்று முப்படைகளின் அணிகள். மலையகம் என்று சொல்ல நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ் ஒன்று. வடக்கு, கிழக்கு, ஊவாவிலிருந்து ஒன்றும் இல்லை. 2023 ஜனவரியில் சம்மேளனத் தேர்தல் குழப்பத்துக்குப் பிறகு வெளியார் தலையீடு என்று பீபா இலங்கையைத் தடைசெய்தது. ஆகஸ்டில்தான் தடை நீங்கியது. அதற்கிடையில் பெங்களூரில் நடந்த தெற்காசியக் கிண்ணத்தில் நாம் இல்லை. உலகத் தரவரிசையில் 200க்குக் கீழே.

அந்தக் குழியிலிருந்து இப்போது ஏறிக்கொண்டிருக்கிறார்கள், அதை மறுக்க முடியாது. 2021இல் நேபாளத்தை முதல் முறையாகத் தெற்காசிய இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோன குவைத்காரர் அப்துல்லா அல் முத்தைரி வந்தார். வெளிநாடுகளில் பிறந்து வளர்ந்த இலங்கை வம்சாவளிப் பிள்ளைகளைத் தேடி எடுத்தார்கள். ஜெர்மனியில் வளர்ந்த வசீம் ராசிக் முன்பே வந்திருந்தார், பிறகு சுவீடனில் வளர்ந்த ஆதவன் ராஜமோகன் போன்றவர்கள். 2024 செப்டம்பரில் கம்போடியாவை அவர்கள் ஊரிலேயே பெனால்டியில் வென்று ஆசியக் கிண்ணத் தகுதிகாண் சுற்றின் அடுத்த கட்டத்துக்குப் போனபோது நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு லயத்து வாசலில் நின்று கத்தினேன். பக்கத்து வீட்டுப் பாட்டி பாம்பு என்று பயந்துவிட்டார்.

ஆனாலும் ஒரு கேள்வி இருந்துகொண்டே இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வருகிற பையன்களை நான் குறை சொல்லமாட்டேன். அந்த ஜேர்சியைப் போட்டால் அவர்களும் நம்மவர்கள்தான். ஆனால் அவர்களை ஆட்டக்காரர்களாக்கியது எது? சுவீடனிலும் ஜெர்மனியிலும் ஏழு எட்டு வயதிலிருந்து வாராவாரம் லீக் போட்டி ஆடியது. அந்த லீக்கை நாம் இறக்குமதி செய்யவில்லை, அது உருவாக்கிய ஆட்களை மட்டும் இறக்குமதி செய்கிறோம். மடுல்சீமையிலோ லுணுகலையிலோ ஓடுகிற ஒரு பையனுக்கு ஒரு வருடத்தில் எத்தனை முழுப் போட்டி கிடைக்கும்?

நான் எங்கள் அணிக்கு எண்ணிப் பார்த்தேன். போன வருடம் நாங்கள் நான்கு கிண்ணப் போட்டிகளுக்குப் போனோம். எல்லாம் ஒருநாள் போட்டி, ஏழு பேர் அணி, பாதிக்குப் பத்து நிமிடம். இரண்டில் முதல் சுற்றோடு திரும்பினோம். எல்லாக் கிண்ணத்தையும் கூட்டினால் ஏழு ஆட்டம், 140 நிமிடம். ஆர்டெட்டாவின் பையன்கள் இரண்டு போட்டியில் அதைவிட அதிகம் ஆடிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம், லொறி வாடகை, ஜேர்சி எல்லாம் கூட்டினால் வருகிற தொகை பெரும்பாலும் அம்மாமார் கொழுந்து பறித்த காசு. 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது, அதுவும் முழுப்பேர் விழுந்தால்தான். அரைப்பேர் போட்ட நாட்களும் அந்த லொறி வாடகைக்குள் இருக்கிறது.

கிண்ணப் போட்டி வேண்டாம் என்று சொன்னால் அடிக்க வருவார்கள் என்று தெரியும். ஒலிபெருக்கி, கொத்து ரொட்டிக் கடை, தோட்டத்துத் தலைவர் பரிசு கொடுப்பது, கொழும்பிலிருந்து வந்த அண்ணன்மார் எல்லாரும் ஒன்றாக நிற்பது, அது ஒரு திருவிழா. எனக்கும் பிடிக்கும். ஆனால் அதை வைத்து ஒரு அணியைக் கட்ட முடியாது. தோற்றவன் வீட்டுக்குப் போ என்பதுதான் அதன் சட்டம். அப்படியொரு சட்டத்துக்குள் புதுக் கெப்டனை நிறுத்திவிட்டு, ஒரு காலையில் தோற்றான் என்பதற்காக அனுபவம் இல்லை என்று சொல்வது எந்த ஊர் நியாயம்? ஜெயிப்பதற்காக ஒவ்வொரு கிண்ணத்துக்கும் வெளித் தோட்டத்திலிருந்து இரண்டு மூன்று பேரைக் கூட்டிவருவோம். சொந்தப் பையன் ஓரத்தில் நின்று தண்ணீர்ப் போத்தல் பிடிப்பான். மேலே கொழும்பில் நடப்பது இங்கே சின்ன அளவில் நடக்கிறது.

அதனால் அந்தக் கூட்டத்தில் நான் ஒன்று சொன்னேன். கழகத்தை யார் நடத்துவது என்பதை இப்போது விட்டுவிடுவோம். பக்கத்துத் தோட்டங்கள் மூன்றையும் கேட்போம். நான்கு அணி, ஒவ்வொன்றும் மற்ற மூன்றோடு இரண்டு முறை. மொத்தம் 12 போட்டி, ஒரு ஞாயிறுக்கு இரண்டு. ஆறு ஞாயிறு. ஒவ்வொரு அணிக்கும் 11 பேருடன் ஆறு முழுப் போட்டி. தோட்டத்துக்குத் தோட்டம் நடந்தே போகலாம், லொறி வேண்டாம். கிண்ணம்கூட வேண்டாம், மகளிர் சங்கத்துச் சுவரில் புள்ளிப் பட்டியலை எழுதி ஒட்டினால் போதும். ஜூனில் தொடங்கினால் கச்சான் காற்றுக் காலம், தரை காய்ந்திருக்கும். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் கிண்ணம் வைப்பதே ஊவாவில் மழை கொட்டுகிற மாதங்களில், ஏனென்றால் அப்போதுதான் கொழும்புப் பையன்கள் வீட்டுக்கு வருவார்கள்.

அங்கேதான் சிக்கல். செயலாளர் உடனே பிடித்துக்கொண்டான். "ஜூன்ல வெச்சா நம்ம நல்ல பிளேயர்ஸ் எட்டுப் பேரு இருக்கமாட்டாங்களே அண்ணே, எல்லாம் கொழும்புல கடையில." உண்மை. கடை முதலாளி ஆறு ஞாயிறு லீவு கொடுப்பாரா? மாட்டார். எங்கள் முன்வரிசை ஆட்டக்காரன் கொட்டாஞ்சேனையில் ஒரு ஹோட்டலில் இரவு பத்து மணி வரை நிற்கிறான், அவன் கால் பந்தைத் தொட்டுப் பல மாதம். இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் இல்லாமல் ஆடினால் மிஞ்சுவது ஓ.எல். படிக்கிற பையன்கள். 16, 17 வயது. அனுபவம் இல்லாத கெப்டனுக்குக் கீழே அவனைவிட அனுபவம் குறைந்த அணி. முதல் இரண்டு ஞாயிறு நன்றாக வாங்குவோம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மூன்றாவது ஞாயிறு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கத்தான் எனக்கு ஆசை.

மாமா கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. "கப் இல்லாத மேட்ச்ச எவன்டா பாக்க வருவான்" என்றார். ஆனால் கூட்டம் முடிந்து போகும்போது, மைதானத்துக்கு மெனேஜ்மென்டிடம் கடிதம் கொடுக்க வேண்டும், அதை எப்படி எழுதுவது, எந்தத் தொரையைப் பார்ப்பது என்று செயலாளருக்குச் சொல்லிக்கொண்டே படியிறங்கினார். இருபது வருடம் அவர்தான் அந்தக் கடிதங்களை எழுதியவர். அந்த அனுபவம் அவரிடம் இருக்கிறது, பையனிடம் இல்லை.

இப்போதைக்கு இரண்டு தோட்டம் சரி என்று சொல்லியிருக்கிறது. மூன்றாவது, தங்கள் கோவில் திருவிழா முடிந்த பிறகு சொல்கிறோம் என்கிறார்கள். நடுவர் இன்னும் கிடைக்கவில்லை. பதுளைப் பக்கம் யாருக்காவது விசில் ஊதத் தெரிந்தால், ஆறு ஞாயிறும் வந்துபோக முடிந்தால், சொல்லுங்கள். பஸ் காசும் பகல் சாப்பாடும் எங்கள் பொறுப்பு.